பினாங்கில் கிழித்த பதினோராம் பக்கம்

ஐந்து நாள் பினாங்கில் இருந்தேன். மலை ரயிலில் ஏறவில்லை. கடலில் கால் நனைக்கவில்லை. சுவர் ஓவியத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளவும் இல்லை. போய் வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற இந்த மூன்றையும் விட்டுவிட்டு, நாற்பது புத்தகங்களில் ஒரே பக்கத்தைக் கிழித்துவிட்டு வந்திருக்கிறேன். எந்தப் பக்கம், எதற்காக, அதற்கு ஏன் இன்னும் இவ்வளவு கோபம் என்று ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

திருச்சியில் ஒரு மையத்தில் நான் பேச்சுப் பயிற்சியாளர். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு காலையிலிருந்து மாலை வரை தரையில் உட்கார்ந்திருப்பது வேலை. பினாங்கில் அப்படிப்பட்ட குழந்தைகளின் தமிழ்ப் பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். 'எங்களுக்குக் கிடைக்கிற பயிற்சியெல்லாம் வேறு மொழிகளில்தான் இருக்கிறது, தமிழில் ஒன்று நடத்தித் தர முடியுமா' என்று எங்கள் மையத்துக்கு எழுதினார்கள். மூத்தவர்களுக்கு வீடு, பிள்ளை, பரீட்சை. எனக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். எங்கள் மையத்தில் நாங்கள் வைத்திருக்கும் பழைய ஆங்கிலக் கையேட்டை நானே மூன்று வாரத்தில் தமிழாக்கி, அச்சடித்து, நாற்பது பிரதிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

தங்குவதற்கு லிட்டில் இந்தியாவில், ஒரு புடவைக் கடையின் மாடியில் அறை. ஏற்பாடு செய்தவர் ரஹ்மத் அக்கா, குழுவை நடத்துகிறவர். ஐம்பதைத் தொட்டவர், பள்ளியில் கணக்கு ஆசிரியை, தமிழ் முஸ்லிம். அவருடைய மகன் இர்ஃபானுக்கு இருபத்திரண்டு வயது. ஆட்டிசம், பேச்சு கிடையாது.

"அவனுக்குப் பேச்சு வராது, எனக்கு நிக்காது. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டவன் சரியாத்தான் அளந்துருக்கான்," என்றார் காடியை ஓட்டிக்கொண்டே. காடி என்றால் அங்கே கார்.

தெருவைப் பார்த்ததும் திருச்சி பெரிய கடைவீதியைத் துடைத்துக் கழுவி வைத்த மாதிரி இருந்தது. அதே பூமாலை, அதே நகைக்கடை, ஒலிபெருக்கியில் அதே சினிமாப் பாட்டு. ஆனால் நடைபாதையில் நடக்க முடிகிறது. ஆட்டோ இல்லை. அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பூ சுற்றிய மூன்று சக்கர ரிக்‌ஷாக்கள், உள்ளே வெயிலில் சிவந்துபோன வெள்ளைக்காரர்கள்.

அன்று மதியம் ரஹ்மத் அக்கா சூலியா தெருவில் நாசி கண்டார் கடைக்குக் கூட்டிப் போனார். சோற்றின் மேல் நமக்கு வேண்டிய குழம்புகளை எல்லாம் கலந்து ஊற்றித் தருகிற சாப்பாடு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சீனப் பெரியவர் மலாயில் ஏதோ சொன்னார். "எல்லாக் குழம்பையும் ஊத்து, தட்டுல வெள்ளம் வரட்டும்னு சொல்றாரு," என்று அக்கா மொழிபெயர்த்தார். கரண்டி பிடித்திருந்தவர் அவருக்கு மலாயில் பதில் சொன்னார், உள்ளே திரும்பித் தமிழில் "அண்ணே, கோழி முடிஞ்சு போச்சு" என்றார், எனக்குப் பின்னால் நின்ற சுற்றுலாப் பயணியிடம் ஆங்கிலத்தில் எது காரம் என்று விளக்கினார். ஒரு நிமிடத்துக்குள் மூன்று மொழி, கரண்டி நிற்கவே இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எங்கள் ஊரில் இரண்டு மொழி தெரிந்தவனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறான்.

இரண்டாம் நாள் பயிற்சி ஆரம்பம். காடியில் கூட்டிப் போகிறேன் என்று அக்கா சொன்னதைக் கேட்காமல், பஸ்ஸில் நானே வருகிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பினேன். எண்ணைச் சரியாகப் பார்த்து ஏறினேன், திசையைப் பார்க்கவில்லை. இருபது நிமிடம் கழித்து ஜன்னலில் கடல் தெரிந்தது. பக்கத்தில் இருந்த மலாய் அம்மாளிடம் விலாசத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: மகளே, இந்தப் பக்கம் ஓட்டல்கள்தான் இருக்கின்றன, படிப்பு சொல்லிக் கொடுக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டும். அவரே என்னை இறக்கி, சாலையைக் கடக்க வைத்து, சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நேரம் தவறாமையைப் பற்றி இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தவள், என் சொந்தப் பயிற்சிக்கே நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

மண்டபத்தில் முப்பது பேர் போல இருந்தார்கள், பெரும்பாலும் அம்மாக்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டு ஒரு தட்டு இடியாப்பத்தை நீட்டினார்கள்.

எங்கள் பயிற்சியின் முதல் பாடம் எளிது. குழந்தையைக் கேள்வி கேட்டுத் துளைக்காதீர்கள். அது எதைப் பார்க்கிறதோ, எதைச் செய்கிறதோ, அதைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருங்கள். தண்ணீரில் கை வைத்தால், "தண்ணி சில்லுன்னு இருக்கா, கையெல்லாம் நனைஞ்சு போச்சு" என்று சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு ஐந்து எண்ணுங்கள். குழந்தைக்கு இடம் விடுங்கள். மறுபடி சொல்லுங்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளையைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரைக் குழந்தையாக நினைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசச் சொன்னேன்.

மண்டபம் கலகலத்தது. "இந்தக் கப்பு ஒங்கப்பா வாங்குனது, எங்கயாச்சும் ஓட்டை இருக்கும், நல்லாப் பாரு," என்றார் ஒரு அம்மா. குழந்தையாக நடித்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்.

மூன்றாவது வரிசையில் புஷ்பா. முப்பது வயது இருக்கும். அவருடைய மகள் தர்ஷினிக்கு ஆறு வயது என்று பெயர்ப் பட்டியலில் இருந்தது. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு புஷ்பா சொன்னார்: "கப். ரெட் கப். டிரிங்க். குட் கர்ல்." நிறுத்தினார்.

"இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கு, பேசுங்க," என்றேன்.

"கப். ரெட் கப்."

"இன்னும் கொஞ்சம்."

"டிரிங்க்," என்றார். பிறகு குவளையை மடியில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டில் எழுதினேன்: 'ஊக்கம் குறைவு. தனியாகக் கவனிக்க வேண்டும்.' அந்தப் பக்கத்தையும் பிறகு கிழித்தேன். ஆனால் எழுதினது எழுதினதுதான்.

தேநீர் இடைவேளையில் உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப்பைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தால், ஓர் ஓரத்தில் யாரோ தொலைபேசியில் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், மாப்பிள்ளைய நீ நேர்ல பாக்கணும் லா. ஆளு நல்லாத்தான் இருக்காரு. மூக்குக்கு மட்டும் தனியா ஒரு நாற்காலி போடணும். காடியில பெல்ட் போட்டா ஆளுக்கு ஒண்ணு, மூக்குக்கு ஒண்ணு... நான் எங்க சிரிச்சேன், அவரு தும்மினாரு, நான் ஓரமா ஒதுங்கி நின்னேன், அவ்ளோதான்."

திரும்பினார். புஷ்பா.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. இப்படிப் பேசுகிறவர், ஒரு குவளையைப் பார்த்து இரண்டு நிமிடம் பேச முடியாதா? நேராகக் கேட்டேன்.

"பிள்ளைகிட்டே இப்படிப் பேசலாமே புஷ்பா. இதைத்தானே நான் உள்ள கேட்டேன்?"

"இது தமிழ், டீச்சர்."

"அதனால என்ன?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாடத்தை மறந்துபோன ஆசிரியையைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி. "தமிழ் கூடாது டீச்சர். மூணு வயசுல ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணப்பவே சொல்லிட்டாங்க. வீட்டுல தமிழு, டிவியில மலாய், ஸ்கூல்ல இங்கிலீஷு, எல்லாம் கலந்தா அவளுக்குச் சுசா, கஷ்டம், குழம்பிடும், ஒரே பாஷை வச்சுக்குங்க, இங்கிலீஷ் வச்சுக்குங்கன்னு. நான் அஞ்சாவது ஃபார்மோட படிப்பை நிறுத்திட்டேன். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். வர்றதைச் சொல்றேன்."

"யாரு சொன்னது இதை? இப்பல்லாம் யாரும் அப்படிச் சொல்றதில்ல."

"நீங்களும்தான் சொல்லியிருக்கீங்க," என்றார் புஷ்பா, கொஞ்சமும் குற்றம் சாட்டாமல். "ஒங்க புக்குல இருக்கே. பதினோராம் பக்கம். நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல அனுப்பினாங்கல்ல, படிச்சுப் பாத்தேன். நாம செய்யறது சரிதான்னு வீட்டுக்காரரு சந்தோஷப்பட்டாரு."

உள்ளே ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். பதினோராம் பக்கம். 'வீட்டில் ஒரே மொழியை மட்டும் பயன்படுத்துங்கள். பள்ளியில் பேசப்படும் மொழியைத் தேர்ந்தெடுங்கள். பல மொழிகள் குழந்தையைக் குழப்பும்.' அழகான எழுத்துரு. ஒரு சந்திப் பிழைகூட இல்லை.

இந்த ஆலோசனை தவறு என்று கல்லூரியிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை. பெற்றவர்கள் தங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் பேசுவதுதான் முக்கியம். பரீட்சையில் இதைப் பத்து மதிப்பெண் கேள்விக்கு விடையாக எழுதியும் இருக்கிறேன். தெரிந்த ஒன்றுக்கு எதிரானதை வரி பிசகாமல் மொழிபெயர்த்திருக்கிறேன். மூன்று வாரத்தில் முடிக்க வேண்டும், பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டும் என்ற அவசரம். பிள்ளையிடம் தமிழில் பேசாதே என்பதைத் தமிழில் எழுதி, விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, தமிழ்த் தாய்மார் கையில் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை புஷ்பாவின் வீட்டுக்குப் போனேன். ஜெலுத்தோங் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாடகைக் காடி என்னைத் தவறான கட்டடத்தின் கீழே இறக்கிவிட்டது. ஒன்பதாம் மாடிக்கு ஏறித் தவறான கதவைத் தட்டினேன். திறந்த சீன அம்மாள் கையில் துடைப்பத்தோடு ஆங்கிலத்தில், "இந்தியர் வீடா, சின்னப் பெண் இருக்கிறாளே, அதுவா? எதிர்க் கட்டடம். ரொம்ப நல்லவர்கள். சத்தமே வராது. எங்கள் வீட்டில் ஐந்து பேர் கத்துவதைக் கேட்டால் அவர்கள் என்ன நினைப்பார்களோ," என்றார்.

உண்மைதான். அந்த வீட்டில் சத்தமே இல்லை. மாமியார் மாமனார் வந்து தங்குவதை நிறுத்திவிட்டார்களாம், அவர்களுக்கு ஆங்கிலம் வராது. தமிழ்ச் சேனல் பார்ப்பதில்லை. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, பெரிய எழுத்தில்: இங்கிலீஷ் மட்டும். அதற்குக் கீழே புஷ்பாவுக்காக ஐம்பது சொற்கள், தமிழ் எழுத்தில் உச்சரிப்போடு. எழுதியவர் கணவர் குணா. தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பழுது பார்க்கிறவர். மூன்று வருடமாக ஒரு நாள்கூட அந்த விதியை மீறியதில்லை என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது பெருமை.

தர்ஷினி தரையில் துணிக் கவ்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பச்சை, பச்சை, மஞ்சள். பச்சை, பச்சை, மஞ்சள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தர்ஷினி. டீச்சர் கம். சே ஹாய்," என்றார் குணா. அவள் அசையவில்லை. "சே ஹாய்," என்றார் மறுபடி. அவருடைய ஆங்கிலம் வேலைக்குப் போதும். மகளோடு விளையாடப் போதாது. அந்தக் குரலைக் கேட்டால் தொழிற்சாலையில் யாருக்கோ உத்தரவு போடுவது போல இருந்தது.

அப்போது புஷ்பாவின் தொலைபேசி அடித்தது. கூடப்பிறந்த அக்கா போலிருக்கிறது. புஷ்பா எழுந்து சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தமிழில் வாய்விட்டுப் பேச அந்த வீட்டில் அது ஒன்றுதான் இடம். கணவனும் மனைவியும் சண்டை போடுவதென்றாலும் அங்கேதான் போக வேண்டும் என்று பின்னால் தெரிந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து மூக்கு மாப்பிள்ளையின் கதை மெல்லக் கேட்டது.

தர்ஷினி கவ்விகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். நடந்து போய் அந்தக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"போன் வேணும் அவளுக்கு," என்றார் குணா, அவளுக்குக் கேட்காத கிசுகிசுப்பில். "எப்பவும் இப்படித்தான். பேசினாப் போதும், வந்து நிப்பா."

நான் என் கைப்பேசியைத் திறந்து, படம் ஓடவிட்டு, அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். கையால் தள்ளிவிட்டு மறுபடி நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள்.

"போன் இல்ல குணா அண்ணே," என்றேன். "அம்மாவோட பேச்சு வேணும் அவளுக்கு."

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு நிறுத்த வராது. இந்த ஆலோசனை தவறு, என் புத்தகம் தவறு, இதை இன்றைக்கே விட்டுவிடுங்கள் என்று மூச்சு விடாமல் பேசினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், மகள் காதில் விழாத தாழ்ந்த குரலில் சொன்னார்: "டாக்டர்கிட்ட கேட்டாச்சு. தண்ணீர்மலைக் கோயில்ல மூணு தைப்பூசம் பால்குடம் எடுத்து முருகன்கிட்ட கேட்டாச்சு. பிள்ளை பேசணும்னா என்ன செய்யணுமோ செய்யறேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

"முருகன்கிட்ட எந்த பாஷையில கேட்டீங்க?"

சொன்ன பிறகுதான் அதன் கூர்மை எனக்கே உறைத்தது. குணா எழுந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். போய்விட்டார்.

கோபம் வந்தால் எனக்குப் பசி அதிகம். நான்காம் நாள் காலை லிட்டில் இந்தியா முனையில் ஒரு கடையில் மூன்று ரோட்டி சானாய் தின்றேன். நம் புரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி அது. பூஞ்சை உடம்பு, மிருதுவான குணம், தொட்டுக்கொள்ளச் சாம்பார். எதிரில் ரஹ்மத் அக்கா தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். நுரை தளும்ப ஆற்றித் தருகிற பால் தேநீர்.

"இன்னிக்குப் பதினோராம் பக்கத்தை எல்லார் முன்னாடியும் கிழிக்கப் போறேன்," என்றேன்.

"பொறு தங்கச்சி. ஒரு பக்கத்தைக் கிழிச்சா மத்த பக்கத்தை எவ நம்புவா? அந்த டெஸ்டுக்கு மாசக்கணக்கா காத்திருந்த ஜனங்க இவங்க. அங்க சொன்னது தப்புன்னு நீ சொல்லிட்டு நாளைக்கு ராத்திரி பிளேன் ஏறிடுவே. அப்புறம் யாருகிட்ட கேப்பாங்க?"

"அக்கா, புத்தகத்தை அச்சுக்கு முன்னாடி நீங்க படிச்சீங்கல்ல?"

"ரெண்டு வாட்டி."

"பதினோராம் பக்கத்தையுமா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "படிச்சேன். ஒண்ணும் உறுத்தல. இர்ஃபானுக்கும் இதைத்தான் சொன்னாங்க. நான் இங்கிலீஷுக்கு மாறிட்டேன். எனக்கு வரும், அதனால வலிக்கல. என் வாய் எந்த பாஷையிலும் ஓடும். புஷ்பாவுக்கு வராதேன்னு எனக்குத் தோணவே இல்ல. தோணியிருக்கணும் இல்லையா? பத்து வருஷமா இந்தக் குழுவை வச்சிருக்கேன்."

அதுதான் என்னை எரிக்கிறது. இந்த வரியை எழுதியவருக்கு, மொழிபெயர்த்தவளுக்கு, சரிபார்த்தவருக்கு, எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும். அதனால் எங்கள் கண்ணுக்கு அது பாதிப்பில்லாத ஒரு வரி. தெரியாத ஒருத்தி அதை ஒழுங்காகப் பின்பற்றினால் வீட்டில் வாயே திறக்க முடியாது என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. திருச்சியில் மட்டும் என்ன வாழ்கிறது? 'கண்ணு, ரைஸ் ஈட் பண்ணு, ஹேண்ட் வாஷ் பண்ணு' என்று பிள்ளையிடம் திக்கித் திணறுகிற அம்மாக்களை என் அறையிலேயே பார்த்திருக்கிறேன். ஏன் இப்படிப் பேசுகிறீர்கள் என்று ஒருத்தியிடமும் நான் கேட்டதில்லை. மெட்ரிக் பள்ளி மோகம் என்று உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

மண்டபத்தில் நின்று சொன்னேன். "பதினோராம் பக்கம் தப்பு. எழுதினது நான். தப்புன்னு தெரிஞ்சும் கவனிக்காம எழுதினேன். கிழிச்சுடுங்க."

யாரும் கிழிக்கவில்லை. புத்தகத்தைக் கிழிக்கச் சொன்னால் நம்மவர்களுக்கு எங்கே கை வரும்? நானே வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு புத்தகமாக வாங்கிக் கிழித்தேன். பெட்டியில் மீந்திருந்தவற்றையும் விடவில்லை. ரஹ்மத் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுகோடியிலிருந்து அவரும் கிழிக்க ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுல ஆரம்பத்துலேர்ந்தே இங்கிலீஷ்தான் டீச்சர், நாங்க என்ன பண்றது?" என்று கேட்டார் ஒரு கத்தோலிக்க ஆசிரியை.

"உங்களுக்கு இங்கிலீஷ்ல கோபம் வருமா, கொஞ்ச வருமா?"

"வரும்."

"அப்ப இங்கிலீஷ்லயே பேசுங்க. வராதவங்களுக்குத்தான் சொல்றேன்."

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "மூணு வருஷமா எங்க மாமியார் வாயை மூட வச்ச ஒரே ஆளு, தமிழ் கூடாதுன்னு சொன்ன அந்த டாக்டருதான். அதையும் கெடுத்துட்டீங்களே."

மண்டபம் சிரித்தது. புஷ்பா சிரிக்கவில்லை. கிழித்த பக்கத்தை என்னிடமிருந்து வாங்கி, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "அவருகிட்ட காட்டணும்," என்றார்.

ஐந்தாம் நாள் பிள்ளைகளோடு வரச் சொல்லியிருந்தோம். தரையெல்லாம் பாய். ஒரு பையன் மின்விசிறிக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தான், ஒருத்தி பாட்டுப் பெட்டியின் ஒரே பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாள். குணா வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, தர்ஷினியையும் புஷ்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். மடித்த பக்கம் அவர் சட்டைப் பையில் இருந்தது. கூட்டம் கலையும் வரை காத்திருந்துவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இதை நீங்கதான் எழுதினீங்க."

"ஆமா."

"நீங்கதான் கிழிச்சீங்க."

"ஆமா."

"அடுத்த மாசம் வேற ஊர்லேர்ந்து ஒருத்தர் வருவாரு. நீங்க சொன்னது தப்பும்பாரு. நாங்க என்ன ஃபேக்டரி மெஷினா, ஆளாளுக்கு வந்து செட்டிங் மாத்த?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மூணு வருஷம் டீச்சர். எங்கம்மா இவகிட்ட பேச முடியாம அழுதுகிட்டே ஊருக்குப் போனாங்க. இவ காய்ச்சல்ல கிடந்தப்ப நான் 'ஓகே, ஓகே'ன்னு சொல்லிகிட்டே உக்காந்திருந்தேன். வேற வார்த்தை எனக்கு வரல. எல்லாத்தையும் பல்லைக் கடிச்சுகிட்டு செஞ்சது எதுக்கு? நல்லதுன்னு சொன்னாங்க. இப்ப தப்புன்னா, அந்த மூணு வருஷத்தை யாரு தருவா?"

"யாராலயும் தர முடியாது," என்றேன்.

"தமிழ்ல பேசினா இவ பேசிடுவாளா? அதைச் சொல்லுங்க."

எல்லாப் பெற்றோரும் கேட்கிற கேள்வி இது. இதற்கு நாங்கள் வைத்திருக்கிற வழுவழுப்பான பதில்கள் நாலைந்து உண்டு. "தெரியாது குணா அண்ணே. பேசாமலும் போகலாம். ஆனா நீங்க ரெண்டு பேரும் பேசுவீங்க. அவளுக்கு அதைக் கேக்கணும்னு இருக்கு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் அந்தப் பக்கத்தை மறுபடி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

கதவருகே புஷ்பா தரையில் உட்கார்ந்து தர்ஷினிக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கையில் இருந்த காலுறையைப் பார்த்தார். மண்டபத்தில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். சாத்திக்கொள்ளக் கதவும் இல்லை.

"இந்தக் காலுறையப் பாரு," என்று ஆரம்பித்தார். "ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சாம்பல். தரையெல்லாம் தேய்ச்சே இல்ல? தேய்ச்சே. நான் பாத்தேன். எங்க ஓட்டை? இங்க ஓட்டை. கட்டை விரல் எட்டிப் பாக்குது பாரு, யாரு வந்திருக்காங்கன்னு..."

தர்ஷினி காலை இழுத்துக்கொண்டாள். அம்மாவின் வாயைப் பார்த்தாள். கையை நீட்டி உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

"பாத்தீங்களா, அவளுக்குப் பிடிக்கல," என்றார் குணா.

நிறுத்து என்கிறாளா, எங்கிருந்து வருகிறது என்று தொட்டுப் பார்க்கிறாளா? குழந்தைகளின் செய்கைக்கு அர்த்தம் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

புஷ்பா அந்தக் கையை எடுக்கவில்லை. கைக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார். சொற்கள் தெளிவாக வரவில்லை, காலுறை, விரல், மழை, வீடு என்று அங்கங்கே கேட்டது. தர்ஷினியும் கையை எடுக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும், இரண்டு நிமிடமும் இருக்கலாம். நான் எண்ணவில்லை.

குணா போய் அவர்கள் பக்கத்தில் குந்தினார். கீழே கிடந்த இன்னொரு சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அதர் லெக்," என்றார்.

புஷ்பா பேச்சை விடாமலே அவரைப் பார்த்தார்.

அவர் தொண்டையைக் கனைத்தார். மண்டபத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தார், யாராவது அவரைப் பிடித்துவிடுவார்கள் என்பது போல. பிறகு குனிந்து, மகளின் முழங்காலுக்குச் சொல்வது போலச் சொன்னார்: "அந்தக் கால் குடும்மா. அப்பாவுக்கு வேலைக்கு நேரமாச்சு."

தர்ஷினி காலைத் தரவில்லை.

அவர் மறுபடி கேட்டார், இந்த முறை கொஞ்சம் நீளமாக.